கண்மாயில் விட்ட மீன் குஞ்சு என்ன சாப்பிடும், ஏன் வளரவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சிவகங்கைப் பக்கம் உங்கள் ஊர்க் கண்மாய், நிறைந்தால் 15 ஹெக்டேர் வரும். நாலைந்து பேர் சேர்ந்து மீன்பாசிக் குத்தகை எடுத்து, நவம்பரில் தண்ணீர் வந்ததும் ஒரு இஞ்ச் அளவில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து ஒரு லட்சம் குஞ்சு விட்டீர்கள். ஏப்ரல் கடைசியில் வலை இழுத்தபோது விட்ட மீன் கொஞ்சம்தான் கிடைத்தது, கட்லாகூட கால் கிலோதான் இருந்தது, ஆனால் ஜிலேபி மீன் மட்டும் மூட்டை மூட்டையாக வந்தது. தீவனம் போடாததால்தான் இப்படி என்று ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார். அதனால் இந்த வருடம் எவ்வளவு தீவனம் போடுவது, ஏரியில் குஞ்சு என்னதான் சாப்பிடும் என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்வி கலந்திருக்கிறது. ஒன்று, அந்த ஒரு லட்சம் எங்கே போனது. இன்னொன்று, மிஞ்சியது ஏன் வளரவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. தீவனம் இரண்டாவதற்குக் கொஞ்சம் பதில் சொல்லும், முதலாவதற்கு அறவே சொல்லாது.

நான் மீன்வளப் படிப்பு படித்தவன், வேலை முழுக்கக் குஞ்சு வளர்ப்புக் குட்டைகளிலும் ஏரிகளில் இருப்பு விடுவதிலும்தான். உங்கள் கண்மாயை நான் பார்த்ததில்லை. ஆகவே எது எல்லா நீர்நிலைக்கும் பொதுவாக உறுதி, எது உங்கள் இடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், தேங்கிய தண்ணீரில் இடாது. அதனால்தான் வருடாவருடம் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் ஆற்றில் வாரிக்கொண்டு வந்த குஞ்சுதான் நாடு முழுக்கப் போனது. இன்று பொரிப்பகத்தில் ஊசி போட்டு எடுத்த முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், மூன்று நாளைக்கு அதுதான் சாப்பாடு. மூன்றாம் நாள் கரு தீர்ந்ததும் வாய் திறக்கிறது. அப்போது குஞ்சின் நீளம் 6 மில்லிமீட்டர் சுற்றி. ஒரு லட்சம் குஞ்சை வடிகட்டி நிறுத்தால் 140 கிராம்தான் இருக்கும். அதன் வாய்க்குள் எது நுழையுமோ அதுதான் அதற்கு உணவு. ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை இருக்கும். அதைத்தான் முதலில் பிடித்துத் தின்னும். அடுத்த சில நாளில் மொய்னா, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு வகைகளின் குட்டிகள், அப்புறம் வளர்ந்த மொய்னாவே. இது அந்த மூன்று இனத்துக்கும் பொது, புல்கெண்டைக்கும்கூடப் பொது. வேலம்பாசியைத் தின்று தீர்க்கும் என்று நாம் வாங்கி விடுகிற புல்கெண்டைகூடக் குஞ்சுப் பருவத்தில் பாசியைத் தொடாது, இந்த மிதக்கும் சிற்றுயிர்களைத்தான் தின்னும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரோடு பத்துக் குஞ்சை எடுத்து வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். அந்த வயதில் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், குடல் வெளியே தெரியும். சாப்பிட்ட குஞ்சுக்கு வயிற்றடியில் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கோடு ஓடும். சாப்பிடாத குஞ்சுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும், கண் மட்டும் இரண்டு கரும்புள்ளியாகத் துருத்தித் தெரியும். பத்தில் ஆறு ஏழு குஞ்சு வெறும் வயிறாக இருந்தால் அந்தக் குட்டையில் தீனி இல்லை என்று அர்த்தம். இந்த வயதில் பட்டினி கிடந்த குஞ்சு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், பிறகு தீனி கிடைத்தாலும் பிழைக்காது. பிடித்துத் தின்னும் தெம்பே அதற்கு இருக்காது.

வளர வளரத்தான் மூன்றும் பிரிகின்றன. கட்லாவுக்குச் செவுளில் உள்ள முட்கள் நெருக்கமான சல்லடையாக அமைந்து, மேல்மட்டத்தில் மிதக்கிற சிற்றுயிர்களை வடிகட்டித் தின்றபடியே வாழ்நாளைக் கழிக்கும். ரோகு நடுமட்டத்துக்கு வந்து, கட்டை, கல், செடித்தண்டில் படிந்திருக்கும் பாசியையும் அழுகும் இலைதழையையும் மேயத் தொடங்கும். மிர்கால் அடியில் இறங்கிச் சேற்றில் படிந்த மக்கலைத் தின்னும். இந்த இரண்டுக்கும் உடம்பு நீள்வதைவிட வேகமாகக் குடல் நீள்கிறது, தாவர உணவு செரிக்க அது வேண்டும். இந்தப் பிரிவு தெளிவாக வருவதற்குள் குஞ்சு விரல் நீளம் ஆகியிருக்கும். ஆக, நீங்கள் ஒரு இஞ்ச் அளவில் விட்ட அத்தனையும் முதல் சில வாரம் ஒரே உணவுக்குத்தான் போட்டி போட்டிருக்கின்றன. ஜிலேபிக் குஞ்சும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அந்த உணவு கண்மாயில் எப்போது உண்டாகிறது? கோடையில் காய்ந்து வெடித்த உள்வாயில் ஆடுமாடு மேய்ந்து சாணமும் புழுக்கையும் கிடக்கும், புல்லும் கோரையும் முளைத்திருக்கும். டாஃப்னியா, மொய்னா வகைகள் போன வருடம் இட்டுப்போன உறங்கும் முட்டைகளும் அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. மாதக்கணக்கில் காய்ந்தாலும் அவை சாகா. தண்ணீர் ஏறியதும் சாணமும் புல்லும் அழுகிச் சத்து கரைகிறது, முதலில் பச்சைப் பாசி, பிறகு ரோட்டிஃபர், அதன்பின் மொய்னா, கடைசியில் சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு மிதக்கும் சிற்றுயிர்தான்) என்று வரிசையாகப் பெருகும். இதற்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். தண்ணீர் வந்த அன்றே குஞ்சு விட்டால் பந்தி போடும் முன்பே வந்து உட்கார்ந்ததாக ஆகிவிடும். ரொம்பத் தாமதித்தால் சைக்ளாப்ஸும் தட்டான் குட்டியும் நீர்வண்டும் பெருகிவிடும், அவை சின்னக் குஞ்சையே பிடித்துத் தின்னும். வரத்துக் கால்வாயில் செம்மண் கரைசல் வந்து தண்ணீர் கலங்கலாகவே நின்றால் கதை வேறு. வெளிச்சம் உள்ளே போகாது, பாசி வராது, பாசி இல்லாமல் மற்றதும் வராது. அந்த மாதிரிக் கண்மாயில் கட்லா எத்தனை மாதம் கிடந்தாலும் தேறாது. மிர்காலும் சாதாக்கெண்டையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இப்போது ஒரு லட்சம் எங்கே போனது என்பதற்கு வருகிறேன். ஒரு இஞ்ச் குஞ்சு என்பது கண்மாயில் இருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இரை. விரால், குரவை, கெளுத்தி, தண்ணீர்ப்பாம்பு, நீர்க்காகம், கொக்கு என்று பட்டியல் நீளம். மீன்கள் குஞ்சைக் காப்பாற்றும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விரால் கரையோரப் புல்லில் முட்டையிட்டு, செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டு வரும்போது தாயும் தகப்பனும் அடியில் காவல் போகும். ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்திருந்து துப்பும், ஆபத்து வந்தால் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இந்த ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, வருடத்தில் பல தடவை குஞ்சு விடும். கட்லாவுக்கு அந்தக் காவல் கிடையாது, ஆற்று வெள்ளத்தில் லட்சக்கணக்கில் முட்டை விட்டுவிட்டுப் போய்விடும். எண்ணிக்கைதான் அதன் பாதுகாப்பு. அந்த இனத்தின் குஞ்சை ஒரு இஞ்ச்சில், விராலும் ஜிலேபியும் குடியிருக்கும் கண்மாயில் விட்டால் பெரும்பங்கு போய்விடும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் கண்மாயில் எவ்வளவு இரையாகப் போனது, எவ்வளவு கலுங்கில், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் இடத்தில், வழிந்து போனது, எவ்வளவு விட்ட அன்றைக்கே செத்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. நவம்பர், டிசம்பரில் கலுங்கு பாய்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பாய்ந்திருந்தால், வலைத் தடுப்பு இல்லாவிட்டால், பெரிய நஷ்டம் அங்கேயே நடந்திருக்கலாம். ஓடும் தண்ணீரைக் கண்டால் கெண்டைக் குஞ்சு அங்கே கூடும். குஞ்சு வந்த ஆக்சிஜன் பையை மிதக்க விடாமல், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்காமல், நேரே கவிழ்த்திருந்தாலும் சாவு உண்டு, அதுவும் மத்தியான வெயிலில் என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, ஒரு லட்சம் என்பதே ஒரு லட்சமா? குஞ்சை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, சல்லடைக் கிண்ணத்தில் அள்ளி அளப்பார்கள். ஒரு கிண்ணத்தை எடுத்து உங்கள் கண்முன் எண்ணச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்து வளர்ச்சி. இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மீனின் எடை நீளத்தின் கனத்தோடு போகிறது, அதாவது நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஆகும். ஒரு இஞ்ச் குஞ்சு கால் கிராம்கூட இருக்காது, நாலு இஞ்ச் குஞ்சு 10 கிராம் இருக்கும். அது 20 சென்டிமீட்டரைத் தொடும்போது 100 கிராம் சுற்றி, 30 சென்டிமீட்டரில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வியாபாரத்துக்கு வேண்டிய எடை எல்லாம் கடைசி மாதங்களில்தான் ஏறுகிறது. உங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்பது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆறு மாதம் என்று வையுங்கள். ஒரு இஞ்ச் குஞ்சு நாலு இஞ்ச் ஆகவே இரண்டு மாதம் போய்விடும். ஆக நீங்கள் மீன் வளர்த்தது நாலு மாதம்தான். நாலு இஞ்ச்சில் விட்டிருந்தால் அதே மீன் இன்னும் இரண்டு மாதம், அதுவும் எடை வேகமாக ஏறுகிற கட்டத்தில், கூடுதலாக வளர்ந்திருக்கும். தீவனத்துக்குச் செலவழிக்கப்போகும் பணத்தில் ஒரு பகுதியைக் குஞ்சின் அளவில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கால் கிலோ கட்லா பட்டினி மீனா, நாள் போதாத மீனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது, நீங்கள் பார்த்திருந்தால் சொல்லலாம். கட்லாவுக்கு இயல்பிலேயே பெரிய தலை, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதுகைத் தடவிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகு திரண்டு உருண்டிருந்தால் தீனி கிடைத்த மீன், நாள்தான் போதவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டு, வயிறு உள்வாங்கியிருந்தால் தீனி இல்லை. ஒன்றிரண்டை அறுத்துக் குடலைப் பிதுக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஜிலேபி அத்தனை மூட்டை வந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் இடத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் ஊகம், ஊகம்தான்.

தீவனம் பற்றி. குட்டையில் குஞ்சு வளர்க்கும்போது கடலைப்புண்ணாக்கும் தவிடும் சரிபாதி பொடித்துப் போடுவது பழைய, நம்பகமான முறை. ஒரு லட்சம் நுண்குஞ்சுக்கு, அதாவது வாய் திறந்த புதுக் குஞ்சுக்கு, முதல் ஐந்து நாள் தினம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அடுத்து அதைப்போல இரட்டிப்பு. இதில்கூட அறிஞர்களிடையே தீராத ஒரு கேள்வி இருக்கிறது. வாய் திறந்த முதல் நாட்களில் குஞ்சு அந்தப் பொடியைத் தின்று செரிக்கிறதா, அல்லது பொடி தண்ணீரில் கரைந்து எருவாகி ரோட்டிஃபரைப் பெருக்க, குஞ்சு அதைத் தின்கிறதா என்பது. கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது, குஞ்சின் செரிமானச் சுரப்பும் அந்த வயதில் குறைவு. வெறும் பொடியில் வளர்த்த குஞ்சு உயிருணவில் வளர்ந்ததைப்போலத் தேறுவதில்லை என்பது மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஆனால் 15 ஹெக்டேர் கண்மாயில் கரையில் நின்று தீவனத்தை வீசினால் அதை முதலில் தின்பது ஜிலேபியும் கெண்டைப்பொடி மீனும்தான். நீங்கள் ஜிலேபிக்குத் தீனி போட்டு வளர்த்ததாக ஆகும். டன் கணக்கில் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். மீன் கால் கிலோ தாண்டிய பிறகு, ஓட்டை போட்ட சாக்குப் பையில் தவிடும் புண்ணாக்கும் நிரப்பி மூங்கில் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, பை காலியாகும் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது ஆந்திரப் பக்கம் வழக்கம். விருப்பமிருந்தால் இரண்டு மூன்று இடத்தில் அப்படிச் செய்து பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோழி எருவைக் கண்மாயில் கொட்டச் சொல்லியும் யாராவது வருவார்கள். மாடு குடிக்கும், ஊர் குளிக்கும் பொதுத் தண்ணீர் அது. அதில் எருவும், வேண்டாத மீனைக் கொல்லப் போடும் இலுப்பைப்புண்ணாக்கும் போட நமக்கு உரிமையில்லை, குத்தகை எடுத்தாலும் இல்லை. எரு அதிகமானால் விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி மீன் மேலே வந்து வாய் பிளக்கும், ஒரே இரவில் எல்லாம் மிதந்துவிடவும் செய்யும்.

இந்த வருடம் நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. பொரிப்பகங்களில் குஞ்சு நிறையக் கிடைப்பது ஜூலை, ஆகஸ்டில். உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது அக்டோபர், நவம்பரில். இடையிலுள்ள இந்த மூன்று மாதம் உங்களுக்குக் கிடைத்த வரம். கிணற்றுத் தண்ணீர் உள்ள ஒருவரின் பண்ணைக் குட்டையைப் பேசி வாங்குங்கள். தீவனமில்லாக் கண்மாய்க்கு ஹெக்டேருக்கு 1,000 முதல் 2,000 விரலி, அதாவது விரல் நீளக் குஞ்சு, போதும், உங்களுக்கு 22,000 சுற்றி. நுண்குஞ்சு ஒரு லட்சம் வாங்கினால் நல்ல குட்டையில் 40,000 ஒரு இஞ்ச் இளங்குஞ்சாகத் தேறும், அதில் 60 சதவீதம் விரலியாகும், கணக்கு சரியாக வந்துவிடும். இந்தச் சதவீதங்கள் நன்றாகப் பராமரித்த குட்டையில் வருபவை, முதல் வருடம் குறையலாம். முதல் இரண்டு வாரத்துக்கு 6 சென்ட் குட்டை போதும், அதற்குப் பிறகு விரலி ஆகும் வரை அரை ஏக்கர் வேண்டும். 6 சென்ட் குட்டையைக் காயவிட்டு, சுண்ணாம்பு ஆறேழு கிலோ தூவி, பசுஞ்சாணம் 200 கிலோ போட்டுத் தண்ணீர் விடுங்கள். பத்து நாள் கழித்து மிதக்கும் சிற்றுயிரை வடிக்கிற மெல்லிய பிளாங்க்டன் வலையில் 50 லிட்டர் தண்ணீரை ஊற்றி வடித்தால், அடியில் குழாயில் ஒன்று முதல் ஒன்றரை மில்லி உயிர் படிய வேண்டும். படிந்தால் குஞ்சு விடலாம். விடுவதற்கு முந்தின நாள், காற்றில்லாத நேரத்தில், எண்ணெய் ஒன்றரைக் கிலோவும் சோப்பு அரைக் கிலோவும் கரைத்துத் தெளித்தால் மூச்சுக்கு மேலே வரும் நீர்ப்பூச்சிகள் சாகும். வளரும் காலத்தில் கையை நேராகத் தண்ணீரில் விட்டு, முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் தீனி குறைவு, முழங்கைக்கு வெகு முன்பே மறைந்தால் எருவை நிறுத்துங்கள்.

சிலர் ஒரு வருடம் நெருக்கி வைத்து வளர்ச்சியை அடக்கிய குஞ்சையும் விற்பார்கள், 100 கிராம் அளவில். அது வளராமல் குன்றிப்போன மீன் என்று பயப்பட வேண்டாம். இடமும் தீனியும் கிடைத்ததும் விட்டதைப் பிடித்து வளரும், ஆந்திரக் குளங்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆறு மாதக் கண்மாய்க்கு அது மிகப் பொருத்தம், விலைதான் இடிக்கும்.

ஜிலேபியை முற்றாக ஒழிக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது மடைக்குழியிலும் பள்ளங்களிலும் தேங்கும் கடைசித் தண்ணீரில் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடித்துவிடுங்கள், உங்கள் ஊரில் மீன்பிடித் திருவிழா உண்டென்றால் அந்த வேலை தானாக நடக்கும். விராலை விட்டு ஜிலேபியைக் கட்டுப்படுத்தலாம் என்பார்கள். உங்கள் குஞ்சு விராலின் வாயைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே அது உங்களுக்கு உதவும். கலுங்கிலும் மடையிலும் தண்ணீர் வருவதற்கு முன்பே வலைத் தடுப்புப் போட்டுவிடுங்கள், குப்பை அடைத்துக் கரைக்கு ஆபத்து வராமல் மழை நாளில் ஆள் வைத்து வாரவும் வேண்டும். கலுங்கு பாய்ந்து அடங்கின பிறகு விரலி விடுவது அதைவிட நல்லது.

கலுங்கு பாய்ந்த தேதி, குஞ்சு விட்ட தேதி, பொங்கல் சமயத்தில் தண்ணீர் பச்சையா கலங்கலா, கடைசியில் பிடித்த கட்லாவின் முதுகு எப்படி இருந்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். தண்ணீர் கலங்கல் என்றால் கட்லாவைக் குறைத்து மிர்காலைக் கூட்ட வேண்டும், பச்சை என்றால் நூற்றுக்குக் கட்லா 40, மற்றவை 30, 30 என்று போகலாம். அதைப் பார்த்துவிட்டு இன விகிதத்தைப் பேசுவோம், அதற்குள் குட்டைக்கு ஆள் பார்த்து வையுங்கள்.